பூச்சி பிடிக்காத கொட்டில்

மிளகாய் வறுக்கிற இடத்தில் தும்மாமல் நிற்கிற ஆளை நான் நம்புவதில்லை, பிள்ளைகளே. நேற்று நான் எட்டிப் பார்த்தபோது, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நீங்கள் எல்லாரும் தாச்சியைச் சுற்றி நின்று தும்மித் தள்ளினீர்கள். எனக்கு நல்ல புளுகம், மனம் நிறைந்த சந்தோசம். மூக்கு உயிரோடு இருக்கிறது, அது போதும். மற்ற எல்லாவற்றையும் பழக்கிவிடலாம்.

உங்கள் பொறுப்பாளர் பிள்ளை என்னிடம் வந்து, "அம்மம்மா, புதுப் பிள்ளையளுக்கு உங்கட அனுபவத்திலை நாலு கதை சொல்லுங்கோவன்" என்று கேட்டது. நாலு சொன்னால் நாலையும் மறந்துவிடுவீர்கள். ஒன்று சொல்கிறேன். மல்லியை எந்தப் பதத்தில் இறக்குவது, வெந்தயத்தை எப்போது போடுவது என்பதையெல்லாம் அடுப்படியில் நிற்பவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது சந்தேகப்படுவதைப் பற்றி. சிரிக்காதீர்கள். சந்தேகப்படுவதும் இந்தத் தொழிலில் ஒரு வேலைதான். அதையும் துப்புரவாகச் செய்ய வேண்டும். அரைகுறையாகச் செய்தால் ஆளைக் கொன்றுவிடும்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் ஒரு புகையிலை வியாபாரி. பேர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் இப்போது பெரிய இடத்தில் இருக்கிறார்கள். வேலணையில் எங்கள் பக்கம் முழுக்க அந்த நாளில் புகையிலைதான். நான் இளம் பெண்ணாக இலை அடுக்கும் கூலிக்குப் போவேன். மற்ற வியாபாரிகள் வந்து சிப்பத்தின் மேல் இலையைத் தடவிப் பார்த்துவிட்டு விலை பேசுவார்கள். இவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, சிப்பத்தின் நடுவில் கையை விட்டு ஒரு இலையை இழுத்தெடுத்து மணந்து பார்ப்பார். "மேல் இலை எனக்குக் காட்ட அடுக்கினது, பிள்ளை. நடு இலைதான் உண்மை பறையும்" என்பார். ஒரு நாள் நடு இலையும் நன்றாக இருந்தது, அடி இலையும் நன்றாக இருந்தது. மனுசன் வாங்காமலே எழும்பினார். ஏன் என்று கேட்டேன். "எல்லாம் இவ்வளவு நல்லாயிருந்தா, நான் பாக்காத இடம் ஒண்டு இருக்கெண்டு அர்த்தம்" என்றார். அன்றைக்கு அவருக்குப் பைத்தியம் என்று நினைத்தேன். அவர் குடித்த தேத்தண்ணிக்கும் அப்படித்தான், ஆறும் வரை பார்த்துக்கொண்டு இருப்பார். சரி, அது வேறு கதை.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு தெற்கு வியாபாரிகள் வருவது நின்றுபோயிற்று. விளைந்த புகையிலை கொட்டில்களில் தொங்கியபடியே கிடந்தது. அடுத்த போகம் பாதிப் பேர் நடவில்லை. அதற்கடுத்த போகம் புகையிலைக் கன்றை நான் பார்க்கவே இல்லை. எல்லாத் தரையிலும் வெங்காயமும் மிளகாயும் ஏறிவிட்டன. அதே காலத்தில் ஊர்ப் பெடியன்கள் ஒவ்வொருவராய்ப் பிளேன் ஏறினார்கள். ஜேர்மனி, சுவிஸ், பிரான்ஸ். காசு வந்தது. ஓலை வீடுகள் ஓட்டு வீடுகளாயின. துலா மிதித்த கிணறுகளில் இயந்திரம் இறைத்தது. ஊர் நிமிர்ந்தது, பொய் சொல்லக்கூடாது.

ஆனால் ஒன்று கவனித்தேன். புகையிலைக் காலத்தில் யார் வீட்டில் எவ்வளவு விளைந்தது என்று ஊருக்கே தெரியும். கொட்டிலில் தொங்குவதை யார் மறைக்க முடியும்? வெளிநாட்டுக் காசு அப்படி இல்லை. அது கண்ணுக்குத் தெரியாமல் வந்து கண்ணுக்குத் தெரியாமல் அலுமாரிக்குள் போகும். அதனால் ஊரில் எல்லாரும் எல்லாரையும் பார்க்கத் தொடங்கினார்கள். அவள் வீட்டுக்கு என்ன வந்தது, இவள் ஏன் திடீரென்று பேசாமல் போகிறாள் என்று. புதுச் சுவரெல்லாம் உயர்ந்தது. சுவருக்கு மேலால் எட்டிப் பார்க்கிற கழுத்தும் நீண்டது. என் கழுத்தும்தான்.

அந்தக் காலத்தில்தான் பரமேஸ்வரி அக்கா மாதர் சங்கத்தைத் தொடங்கினார். பெரிய புகையிலைக் கமக்காரரின் விதவை. தலைவி அவரேதான், வேறு யாரும் அந்தக் கதிரையில் உட்கார ஆசைப்படவும் இல்லை. வெளிநாட்டுப் பெடியன்களுக்கு அங்கே எல்லாம் கிடைத்தது, கறிக்குப் போடுகிற வறுத்த தூள் மட்டும் கிடைக்கவில்லை. எங்களிடம் மிளகாய் இருந்தது, கை இருந்தது. இடம்தான் இல்லை. பரமேஸ்வரி அக்கா தன்னுடைய மனுசன் கட்டிய புகையிலைக் கொட்டிலைச் சங்கத்துக்குக் கொடுத்தார். கல் சுவர், பனை வளை, ஓலைக் கூரை. வருசக்கணக்காகத் தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகை குடித்துக் கறுத்த கொட்டில். கூட்டிக் கழுவி, நிலத்துக்குச் சீமெந்து போட்டு, உள்ளே உரல்களை வைத்தோம். மிளகாய், மல்லிச் சாக்குகளும் அதற்குள்தான்.

அந்தக் கொட்டிலில் ஒரு அதிசயம் இருந்தது. பூச்சி பிடிக்காது. எங்கள் வீடுகளில் மல்லியை ஒரு மாதம் வைத்தால் வண்டு துளைத்துவிடும். கொட்டிலில் எத்தனை மாதம் வைத்தாலும் ஒரு வண்டு, ஒரு எறும்பு, ஒரு எலி கிடையாது. பரமேஸ்வரி அக்கா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சாக்கை அவிழ்த்துக் காட்டுவார். "பாருங்கோ, என்ர மனிசன் பார்த்துக் கட்டின கொட்டில்" என்பார். நாங்களும் பெருமையாகத் தலையை ஆட்டுவோம்.

எங்கள் சங்கத்தில் வறுப்புக்குப் பொறுப்பு நான். வறுக்கிற கை திரேசாவுடையது. திரேசா அல்லைப்பிட்டிக்காரி, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, கடற்றொழில் செய்கிற குடும்பம். எங்கள் ஊர்ப் பெண்கள் தாச்சிக்கு முன்னால் கருகிப்போவார்கள். அவளோ பிறந்ததிலிருந்து அனலில் கருவாடு சுட்டவள் போல அசையாமல் நிற்பாள். நான்தான் அவளைச் சேர்க்கச் சொன்னேன். சங்கத்தில் வெளியூரவள் அவள் ஒருத்திதான். வறுப்பதை முற்றத்தில் செய்துவிட்டு, இடிப்பதற்காகக் கொட்டிலுக்குள் வருகிறபோது சேலைத் தலைப்பால் மூக்கை இறுக்கக் கட்டிக்கொள்வாள். அது பலருக்குப் பிடிக்கவில்லை. "எங்களை மணக்கப் பிடிக்கேல்லையாக்கும்" என்று கமலம் முணுமுணுப்பாள்.

கமலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகனை ஜேர்மனிக்கு அனுப்பியவள். அவன் அனுப்பிய ரேடியோப் பெட்டிக்குப் பூப்போட்ட உறை தைத்து, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவன் கடிதம் எழுதுவதில்லை, கசெற்றில் பேசி அனுப்புவான். கசெற் வந்தால் ஊரே கமலம் வீட்டில்தான். எனக்கு அது கடிதத்தைவிட நல்லது. கடிதத்தை வாசிக்கிற ஆள் எதை விட்டுவிட்டு வாசிக்கிறது என்று எனக்கு எப்போதும் ஒரு யோசனை இருக்கும். கசெற்றில் அந்தச் சோலி இல்லை.

ஒரு பின்னேரம் கசெற் போட்டாள். திரேசா பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள், மற்ற எல்லாரும் இருந்தோம். முதலில் சுகம் விசாரித்தான். குளிர் என்றான். கமலம் அழுதாள், நாங்களும் கொஞ்சம் அழுதோம். பிறகு அவன் சொன்னான்:

"அம்மா, சங்கத்துத் தூள் கிடைச்சது. எனக்கெண்டால் வீட்டுக் கறி மாதிரியே கிடக்கு. ஆனா என்னோட அறையிலை இருக்கிற மன்னார்ப் பெடியனும் மட்டக்களப்புப் பெடியனும் சாப்பிட்டுப்போட்டு ஒரே சத்தி, திண்டதெல்லாம் வெளியிலை. தலைச்சுத்து. போன முறை வந்த தூளுக்கும் இப்பிடித்தான். தூளுக்கை ஏதோ கலந்து கிடக்கெண்டு சொல்லுறாங்கள். இனி எங்கட தூள் வேண்டாமாம்."

கமலம் டக்கென்று பொத்தானை அமத்தினாள்.

"கலந்து கிடக்காம். கேட்டியளே? கலந்து கிடக்காம்."

"உன்ர மகனுக்கு ஒண்டும் செய்யேல்லையே?" என்று நான் கேட்டேன்.

"அவன் என்ர பாலைக் குடிச்சு வளந்தவன் அக்கா. அதாலை தப்பினான்."

"அந்தப் பெடியள் மட்டும் என்ன, கள்ளோ குடிச்சு வளந்ததுகள்?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருடைய மனமும் ஒரே வாசலில் போய் நின்றுவிட்டது. கமலம்தான் வாய் திறந்தாள். "மூக்கைக் கட்டிக்கொண்டு நிக்கிறவளைக் கேளுங்கோ. தான் கலக்கிறது தனக்கு அடிக்கக்கூடாதெண்டுதானே கட்டுறவள்?"

பரமேஸ்வரி அக்கா சத்தம் போடுகிற ஆள் இல்லை. எழும்பிச் சேலையை உதறிக்கொண்டு சொன்னார்: "நாளைக்குக் காலமை கூட்டம். நாளையிண்டைக்குப் பார்சல்காறர் தூள் ஏத்த வாறார். அதுக்கு முந்தி இது முடிய வேணும்."

பார்சல்காரர் மாதத்தில் ஒரு முறை வான் வண்டியில் கொழும்புக்குப் போகிறவர். அங்கே பிளேன் ஏறுகிற ஆட்களிடம் எங்கள் தூளைப் பிரித்துக் கொடுத்துவிடுவார். அந்த மாதத்துத் தூள் முழுக்க இடித்து, அரித்து, பொலித்தீன் பைகளில் கட்டி, கொட்டிலுக்குள் மூன்று சாக்குகளில் தயாராக இருந்தது.

மறுநாள் கூட்டத்துக்குத் திரேசா வழமை போல வந்தாள். விசயத்தைச் சொன்னார்கள். அவள் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழும்பி நின்றாள்.

"நான் கலந்தனானோ? என்னத்தைக் கலந்தனான்? சொல்லுங்கோ, என்னத்தை?"

என்னத்தை என்று யாரும் யோசிக்கவே இல்லை, யார் என்று மட்டும்தான் யோசித்திருந்தார்கள். பிள்ளைகளே, இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'என்னத்தை' என்று கேட்க முன்னம் 'ஆர்' என்று கேட்கிற கூட்டத்தில் இருந்து நல்ல முடிவு வராது.

"அப்ப ஏன் மூக்கைக் கட்டுறனீர்?" என்றாள் கமலம்.

"மணக்குது. அதுதான் கட்டுறனான்."

"என்ன மணக்குது? எங்களுக்கு ஒண்டும் மணக்கேல்லையே!"

"அது உங்கட மூக்கு. என்னைக் கேட்டா?" திரேசா கமலத்தை விட்டுவிட்டாள். பரமேஸ்வரி அக்கா பக்கம் திரும்பினாள். "அக்கா, நேவிக்காறன் கடலுக்கு விடுறான் இல்லை. என்ர மனிசன்ர வள்ளம் கரையிலை கவிண்டு கிடக்கு. மூண்டு பிள்ளையள். இந்த அடுப்பையும் விட்டா எனக்கு வேறை ஒண்டும் இல்லை. அப்பிடி இருக்க நான் ஏன் இதுக்கை மண் அள்ளிப் போடுறன்?"

அவளை நிறுத்துவது என்று எல்லாரும் கையை உயர்த்தத் தயாராக இருந்தார்கள். நான் எழும்பினேன்.

"அக்கா, பார்சலும் போகக்கூடாது, திரேசாவும் போகக்கூடாது."

"இரண்டிலை ஒண்டு போகத்தான் வேணும், நாகம்மா" என்றார் பரமேஸ்வரி அக்கா. "பார்சல் நிண்டா அந்தாள் வேறை ஊர்த் தூளை ஏத்திக்கொண்டு போயிடுவார். எங்கட பேர் கொழும்போடை முடிஞ்சிது. இவ நிண்டா இவையள் ஒருத்தரும் உலக்கை பிடிக்க மாட்டினம்."

"நாளைக்குப் பார்சல்காறர் வாற வரைக்கும் பொறுங்கோ. அதுவரைக்கும் ஒரு முடிவும் வேண்டாம்."

"உமக்கு அவவிலை சந்தேகம் இல்லையோ?"

"இருக்கு. உங்களிலையும் இருக்கு" என்றேன்.

இப்படிப் பேசினால் கூட்டத்தில் சத்தம் வரும், வந்தது. ஆனால் நாள் கிடைத்தது. திரேசா பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அவளுக்காக நான் பரிந்து பேசினேன் என்று நினைக்காதீர்கள். அன்று மத்தியானமே அடுத்த பஸ்ஸில் அல்லைப்பிட்டிக்குப் போனேன், அவளுடைய குசினி அடுப்படியைப் பார்க்க. வாசலில் அவள் மனுசன் வலையை மடியில் போட்டுக்கொண்டு, கிழியாத இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். வேலை இல்லாத கடற்றொழிலாளி வேறு என்ன செய்வார்? நான் சுகம் விசாரித்தபடியே உள்ளே போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தேன். அரிசி. மா. கருவாடு. உப்பு.

பின்னால் திரேசா வந்து நின்றாள். "என்ன அக்கா, நஞ்சு தேடுறியளோ? அந்த மேல் தட்டிலையும் பாருங்கோ. கட்டிலுக்குக் கீழையும் பாருங்கோ."

"பாக்கத்தான் வந்தனான்" என்றேன். வெட்கப்பட்டால் இந்த வேலை நடக்காது.

மேல் தட்டில் எங்கள் சங்கத்துத் தூள் பை இருந்தது. மாதக் கடைசியில் எல்லாருக்கும் கொடுக்கிற பங்கு. கட்டுக்கூட அவிழ்க்காமல் அப்படியே கிடந்தது. தான் வறுத்த தூளைத் தான் தின்னாத ஆள்! கமலம் சொன்னது சரிதானோ என்று அந்த இடத்தில் முழுசாக நம்பினேன்.

"இதை ஏன் நீர் கறிக்குப் போடேல்லை?"

"போன மாதப் பையைப் போட்டனான். சின்னவள் ஒரு கவளத்தோடை துப்பிப்போட்டாள். சுருட்டு மணக்குதாம். உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான், கொட்டிலுக்கை வந்தா எனக்குத் தலை இடிக்குதெண்டு? நீங்கள் எல்லாரும் சிரிச்சனீங்கள்."

"சுருட்டோ?" பையைப் பிரித்து மணந்து பார்த்தேன். மல்லி மணந்தது. மிளகாய் மணந்தது. வேறு ஒன்றும் இல்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டு, அந்தப் பை இருந்த தட்டைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த தகரப் பேணி மல்லிக்குள் வண்டு. மாவுக்குள் புழு. தட்டு நீளத்துக்கு எறும்பு ஊர்ந்து வந்து, எங்கள் பைக்கு ஒரு சாண் தள்ளி வளைந்து, சுவரோடு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது.

நான் எறும்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரேசா, "அக்காவுக்கு என்ன, வெயில் அடிச்சிட்டுதோ?" என்று மனுசனிடம் கேட்டாள்.

பூச்சி பிடிக்காத கொட்டில். அதைத்தானே நாங்கள் ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டோம்? ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லையே! வண்டு தின்னாததை மனுசர் தின்னலாமோ? பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். கமலத்தின் மகனுக்கு ஒன்றும் செய்யவில்லை, புகையிலை வீட்டில் பிறந்தவன். மன்னார்ப் பெடியனும் மட்டக்களப்புப் பெடியனும் சத்தி எடுத்தார்கள். திரேசாவுக்கு மணக்கிறது. எங்களுக்கு மணக்கவில்லை. நாங்கள் தொட்டிலில் கிடந்தபோதே புகையிலை தலைக்கு மேலே தொங்கியது. எங்கள் மூக்குக்கு அது மணமே இல்லை, வெறும் காற்று. பாக்காத இடம் ஒன்று இருக்கிறது என்று அந்த வியாபாரி சொன்னாரே, அது எங்கள் முகத்தின் நடுவிலேயே இருந்திருக்கிறது.

ஆனாலும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. கொட்டிலைக் கழுவித்தானே வேலை தொடங்கினோம்? மணம் மட்டும் ஆளுக்குச் சத்தி எடுக்க வைக்குமா? காலையில் முதல் ஆளாகக் கொட்டிலுக்குப் போனேன். வெறும் உரலில் உலக்கையைப் போட்டு ஓங்கி இடித்தேன். நிலம் அதிர்ந்தது, சுவர் அதிர்ந்தது. வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். கூரை வளைகளில் இருந்து மாப்போல ஒரு தூசி மெல்ல இறங்கியது. மண்ணிறம், வறுத்த தூளின் அதே நிறம். வருசக்கணக்காகக் காய்ந்த புகையிலைத் துகள், ஓலைக்கும் வளைக்கும் இடையில் கிடந்தது, நாங்கள் இடிக்க இடிக்க உரலுக்குள் இறங்கியிருக்கிறது. சீமெந்து போட்டு நிலத்தைக் கழுவிய நாங்கள் அண்ணாந்து பார்க்கவில்லை.

கண்டுபிடித்துவிட்டேன் என்று ஓடிப்போய்ச் சொன்னால் நம்புவார்களா? தூசி எந்தக் கொட்டிலில்தான் இல்லை என்பார்கள். மணந்து பார்க்கச் சொன்னால் அவர்கள் மூக்கும் என் மூக்குத்தானே? புகையிலை வீட்டில் பிறக்காத ஒரு நாக்கு வேண்டும், அது திரேசாவின் பக்கத்து நாக்காகவும் இருக்கக்கூடாது. முள்முருக்கம் இலை இரண்டு கட்டு முறித்து வந்தேன். ஒன்றை உரலுக்குப் பக்கத்தில் விரித்துவிட்டு, வந்தவர்களையெல்லாம் வெறும் உரலில் இடிக்கச் சொன்னேன். மற்றதை முற்றத்து மரத்தில் கட்டினேன்.

"அக்காவுக்கு வெறும் உரல் இடிக்கிற வயசு வந்திட்டுது" என்று சிரித்தார்கள். ஆனாலும் இடித்தார்கள். எல்லாருக்கும் என்ன நடக்கப்போகிறது என்று பார்க்க ஆசை.

"இப்ப ஒரு ஆடு வேணும். அல்லைப்பிட்டியிலை திரேசாவின்ர ஆடு நிக்குது, கொண்டு வரச் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

கமலம் பாய்ந்து விழுந்தாள். "வேதக்காற ஆட்டின்ர சாட்சியம் எங்களுக்கு வேண்டாம்! என்ர ஆட்டைக் கொண்டு வாறன்."

நான் வேண்டியிருந்தது அதைத்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

கமலத்தின் ஆடு நல்ல கொழுத்த பெட்டை மறி. ஊரில் அது தின்னாத வேலி கிடையாது. முற்றத்து இலைக்கட்டை நீட்டினோம், காம்பு மட்டும் மிஞ்சியது. கொட்டில் இலைக்கட்டை நீட்டினோம். ஓடி வந்து மூக்கை வைத்தது. ஒரு செருமல். தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றது.

"தின்னடி!" என்றாள் கமலம். கழுத்தைப் பிடித்து இழுத்தாள். "வயிறு நிறைஞ்சிட்டுது அதுக்கு. அவ்வளவுதான்." முற்றத்து மரத்தில் இருந்து தானே புது இலை முறித்து நீட்டினாள். மறி பறித்துத் தின்றது. திரும்பவும் கொட்டில் இலை. மறி கமலத்தின் முகத்தைப் பார்த்தது.

"நாகம்மாக்கா இலையிலை ஏதோ பூசிப்போட்டா!"

"அப்ப நீ பூசு. உன்ர கையாலை முறிச்சு, உன்ர கையாலை உள்ளை விரிச்சு, நீயே இடி."

இடித்தாள். வேர்க்க வேர்க்க இடித்தாள். அந்த நேரம் பார்த்துப் பார்சல்காரரின் வான் வந்து நின்றது. மனுசன் இறங்கி, உரலையும் ஆட்டையும் சுற்றி நிற்கிற பெண்களையும் பார்த்தார். "நான் தூள் ஏத்த வந்தனான், தங்கச்சிமார். ஆடு வியாபாரமும் தொடங்கிட்டியளோ?" ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கமலம் இலையை உதறாமல் கொண்டு வந்து நீட்டினாள். மறி மணந்தது. தும்மியது. திரும்பி நடந்து போய்விட்டது.

புகையிலைத் தோட்டத்துக்கு எங்கள் ஆட்கள் ஏன் வேலி அடைக்காமல் பஞ்சியில் விட்டார்கள் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆடு அதை மணந்தும் பாராது. கமலத்துக்கும் தெரியும். அவள் இலைக்கட்டோடு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

பரமேஸ்வரி அக்கா கொட்டிலுக்குள் போனார். அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி கனநேரம் நின்றார். அவர் கண்ணுக்கு அது தூசியாகத் தெரிந்திராது. வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"கொட்டிலிலை பிழை இல்லை" என்றார். "புகையிலைக்கெண்டு கட்டினது. புகையிலைக்கு நல்ல கொட்டில்." பிறகு பார்சல்காரரிடம் சொன்னார்: "இந்த மாதம் தூள் இல்லை. நீங்கள் வேறை ஊரிலை ஏத்துங்கோ. அடுத்த மாதமும் வந்து பாருங்கோ."

அந்த மூன்று சாக்குத் தூளும் வெங்காயப் பாத்திக்குப் போனது. அந்தப் போகம் வெங்காயத்தில் ஒரு புழு இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாதீர்கள், போய் வெங்காயக்காரரைக் கேளுங்கள். கிணற்றடிப் பக்கம் புதுக் கிடுகு ஓலை வேய்ந்து ஒரு பந்தல் போட்டோம். உரல்களைக் கல் வைத்து உரஞ்சிக் கழுவி அங்கே மாற்றினோம்.

இப்போது மற்ற வேலை இருந்தது. நான் திரேசாவிடம் போய் விசயத்தைச் சொன்னேன். துள்ளிக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டுவிட்டு மீன் செதிலைச் சுரண்டினாள்.

"ஆடு சொன்னாப்பிறகுதான் நம்பினியளோ? நான் வாயாலை சொன்னனான். ஆடு வாயே திறக்கேல்லை."

"ஓம். பிழைதான். இப்ப வாருமன்."

"என்னைக் கலைச்சு விட்டவை கூப்பிடட்டும்."

பரமேஸ்வரி அக்காவிடம் வந்து சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் அவர் வீட்டில் பாவனையில் இருந்ததில்லை. "வரச் சொல்லும். நான் தேத்தண்ணி போட்டு வைக்கிறனாம் எண்டு சொல்லும்" என்றார்.

உங்களுக்கு இது சின்ன விசயம். அந்த நாளில் எங்கள் ஊர் வீடுகளில் கடற்கரை ஆட்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தால் அதற்கென்று தனிப் பேணி, ஒரு தகரக் குவளை, தாழ்வாரத்தில் செருகிக் கிடக்கும். சங்கத்திலும் அதுதான் பழக்கம். திரேசா அதைத் தொட்டதே இல்லை, வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவருவாள். நாங்களும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

திங்கட்கிழமை அவள் வந்தாள். பந்தலுக்குள் வரவில்லை, கிணற்றடியில் நின்றாள். எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம். பரமேஸ்வரி அக்கா குசினிக்குள் இருந்து தேத்தண்ணி கொண்டு வந்தார். அவருடைய மனுசன் குடித்த வெண்கல மூக்குப்பேணி. அதை நீட்டினார்.

திரேசா வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள். பிறகு பரமேஸ்வரி அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்கை என்ன கலந்தனீங்கள், அக்கா?"

கமலம் வாயில் கை வைத்தாள். பரமேஸ்வரி அக்கா தலையை நிமிர்த்தினார்.

"தேயிலையும் சீனியும். வேறை என்ன?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் ஒரு முடறு குடியுங்கோ, பாப்பம்."

பேணியைத் திருப்பி நீட்டிக்கொண்டு நின்றாள். வேலை போனாலும் போகட்டும் என்று வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பரமேஸ்வரி அக்கா அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிற ஆள், பேணியில் வாய் வைத்து அவர் குடித்து நான் கண்டதில்லை. வாங்கினார். பார்த்தார். உதட்டை வைத்து, ஒரு முடறு இல்லை, பாதியைக் குடித்துவிட்டு, துடைக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

திரேசாவும் துடைக்கவில்லை. மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். பேணியை நிலத்தில் கவிழ்த்து வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பை நோக்கி நடந்தபடியே சொன்னாள்:

"சீனி குறைவு."

பரமேஸ்வரி அக்கா பேணியை எடுத்துக்கொண்டு சீனிப் போத்தலைத் தேடி உள்ளே போனார்.